சட்டகம்: பழையதா, புதியதா?

இணையத்தளம் அமைக்க முனையும் மாணவர், எந்தச் சட்டகத்தைக் கைக்கொள்வது என நம்மிடம் வினவுவதுண்டு. தளங்களுக்குரிய பொதுப் பணிகளை முன்கூட்டியே எழுதி வைத்த நிரல்தொகுப்பே சட்டகம். அது வெளிவந்த ஆண்டைவிட, அதற்கான ஆதரவு முடியும் ஆண்டையே முதலில் பார்க்கச் சொல்வோம். தளத்தை அமைத்தவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அதனைப் பேணுவோர் பிறரன்றோ!

கூகுள் நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ், அந்நாளில் புதுமையெனப் போற்றப்பெற்றது. 2016இல் வந்த ஆங்குலர் 2 அடியோடு மாற்றி எழுதப்பட்டமையின், முன்னதற்கென எழுதிய நிரல்கள் அதில் அப்படியே இயங்கவில்லை. 2021 இறுதியில் பழையதற்கான ஆதரவும் நின்றது. அதன்பின் தோன்றும் பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் சுமை தளத்துக்குரியோர் தலையில் விழுந்தது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து நாளிதழ் அலுவலகமொன்றில் உருவாகி 2005இல் வெளிவந்த ஜாங்கோவோ (இது உலாவியிலன்றி வழங்கியில் இயங்குவது) மூத்ததாயினும் இன்றும் புதுப்பிக்கப்படுகின்றது. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. கைவிடவிருக்கும் கூறுகளையும் முன்னரே எச்சரித்துப் பின்னரே விலக்குகின்றனர்.