ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா? தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போறவங்களுக்கான எபிசோடு

(ஆடியோ எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடை வேடசந்தூர்ல, எங்க அம்மா வீட்ல உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். எனக்கு 36 வாரம் முடிஞ்சிருக்கு. முதல் குழந்தை. வளைகாப்பு முடிஞ்ச கையோட, நம்ம ஊரு வழக்கப்படி சென்னையிலிருந்து இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. வீட்டுக்காரர் இன்னும் சென்னையிலதான் இருக்கார், அவருக்கு லீவு கடைசி வாரத்துலதான்.

உங்கள்ல நிறைய பேர் என்னை மாதிரிதான். நகரத்துல வேலை, நகரத்துல செக்கப், ஆனா பிரசவம் மட்டும் அம்மா ஊர்ல. இந்த வழக்கத்துல ஒரு நல்லது இருக்கு: பார்த்துக்க ஆள் இருக்கும், தூங்க நேரம் கிடைக்கும். ஒரு சிக்கலும் இருக்கு. ஏழெட்டு மாசம் நம்மள பார்த்த டாக்டரை விட்டுட்டு, கடைசி நாலு வாரத்துல புது ஆஸ்பத்திரி, புது டாக்டர், புது தூரம். அந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கறதுன்னுதான் இன்னிக்குப் பேசப் போறேன்.

மூணு தாமதம்

தமிழ்நாட்டுல இன்னிக்கு கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 99.6 சதவீதம்னு சொல்லுது. அதனால வீடா, ஆஸ்பத்திரியாங்கற கேள்வி நமக்கு இல்ல. எந்த ஆஸ்பத்திரி, எப்ப கிளம்பறது, இதுதான் கேள்வி.

1994ல செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. பிரசவத்துல தாய் உயிர் போறதுக்குப் பின்னாடி பெரும்பாலும் மூணு தாமதம் இருக்குன்னாங்க. ஒண்ணு, போகணும்னு முடிவெடுக்கறதுல தாமதம். ரெண்டு, போய்ச் சேர்றதுல தாமதம். மூணு, போய்ச் சேர்ந்த இடத்துல சரியான சிகிச்சை கிடைக்கறதுல தாமதம். 30 வருஷம் கழிச்சும் உலகம் முழுக்க இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்தறாங்க. நான் என் பிரசவத்துக்கான ஏற்பாட்டையும் இந்த மூணு தலைப்புலதான் போட்டுக்கிட்டேன்.

முதல் தாமதம்: யார் முடிவெடுக்கறது?

வீட்ல நடக்கப் போறத நான் இப்பவே சொல்லிடுவேன். எனக்கு ராத்திரி வலி வரும். அம்மா, "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடிச்சுப் பாரு" அப்டிம்பாங்க. அம்மாச்சி, "விடியட்டும் சாமி, அவசரப்படாத" அப்டிம்பாங்க. அப்பா, "மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குவோம்" அப்டிம்பார். எல்லாரும் அன்பாதான் சொல்றாங்க. ஆனா அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிடும்.

அம்மா சொல்றது முழுக்கத் தப்பும் இல்ல. பொய் வலி நிஜமாவே உண்டு. வயிறு இறுகும், விடும், ஆனா ஒரு ஒழுங்கு இருக்காது. நடந்தா, படுத்தா, தண்ணி குடிச்சா குறையும். பிரசவ வலி அப்படி இல்ல. நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், வலி கூடும், நீளும். என்ன செஞ்சாலும் நிக்காது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தா கிளம்புன்னு பொதுவா சொல்வாங்க. ஆஸ்பத்திரி தள்ளி இருந்தா இன்னும் முன்னாடியே கிளம்பணும். உங்க டாக்டர் வேற கணக்கு சொல்லியிருந்தா அதுதான் உங்களுக்கு.

முதல் பிரசவத்துல ஆரம்பக் கட்டம் நிறைய நேரம் எடுக்கும், சிலருக்கு ஒரு நாளைக்கு மேலயும் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2018ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிரக் கட்டம். முதல் பிரசவத்துல அது பொதுவா 12 மணி நேரத்தைத் தாண்டாது. அதனால வலிக்கு மட்டும்னா பதட்டப்பட வேண்டியதில்ல, கணக்குப் பார்த்துக் கிளம்பலாம்.

ஆனா சில விஷயத்துக்குக் கணக்கே பார்க்கக் கூடாது. வலி இருந்தாலும் இல்லாட்டியும் உடனே கிளம்பணும்:

- ரத்தப்போக்கு.
- பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போறது, முக்கியமா பச்சையாவோ நாத்தத்தோடவோ போனா.
- விடாத தலைவலி, கண்ணு மங்கறது, மேல் வயித்துல வலி, முகமும் கையும் திடீர்னு வீங்கறது. இது ரத்த அழுத்தம் ஏறினதுக்கான அறிகுறியா இருக்கலாம். வலிப்பு வரைக்கும் போகும்.
- காய்ச்சல்.
- குழந்தை அசைவு குறையறது.

அசைவு பத்தி ஒண்ணு. "கடைசி மாசத்துல இடம் இருக்காது, புள்ள அதிகம் ஆடாது"ன்னு ஊர்ல சொல்வாங்க. அது உண்மை இல்ல. உதைக்கறது, புரள்றதுங்கற மாதிரி அசைவோட தன்மை மாறலாம், ஆனா அசையறது குறையக் கூடாது. ஒருக்களிச்சுப் படுத்து எண்ணினா, பொதுவா ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து அசைவாவது தெரியணும். அதைவிட முக்கியம், உங்க குழந்தையோட வழக்கம் உங்களுக்குத் தெரியும். அது மாறிட்டா காலையில போலாம்னு விடாதீங்க.

நான் வீட்ல ஒரு விதி போட்டிருக்கேன். இந்தப் பட்டியல்ல எது நடந்தாலும், முழிச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் 108க்கு போன் பண்ணலாம். யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. மாப்பிள்ளைக்கு வண்டியில ஏறின பிறகு சொல்லிக்கலாம். அப்பாவுக்கு இது முதல்ல கொஞ்சம் மரியாதைக் குறைவாப் பட்டுச்சு. எங்க வீட்டுக்காரரே போன்ல, "மாமா, நீங்க எனக்கு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாப் போதும்"னு சொன்ன பிறகுதான் ஒத்துக்கிட்டார்.

ரெண்டாவது தாமதம்: தூரம்

வேடசந்தூர்ல இருந்து திண்டுக்கல் சுமார் 20 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை. பகல்ல பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஆனா பிரசவம் பகல் பார்த்து வர்றதில்ல. எங்க வீட்ல இருந்து மெயின் ரோட்டுக்கே ரெண்டு சந்து தாண்டணும். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு எந்த அடையாளத்தைச் சொல்றது, எந்தச் சந்துல வண்டி நுழையும், இதைப் பகல்லயே முடிவு பண்ணி வெச்சுக்கணும். வாடகைக் கார் வெச்சிருக்கற ரெண்டு பேர் நம்பர் வேணும். ஒருத்தர் எடுக்கலேன்னா இன்னொருத்தர்.

108 இலவசம். அரசு ஆஸ்பத்திரியில பிரசவம் ஆனா, தாயையும் குழந்தையையும் வீட்ல கொண்டுவந்து விட 102 வண்டியும் இலவசம். 2011ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியில சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எதுக்கும் காசு வாங்கக் கூடாது.

மூணாவது தாமதம்: அங்க யார் இருக்காங்க?

ஆரம்ப சுகாதார நிலையத்துல 24 மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க, சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்தை நல்லாப் பார்ப்பாங்க. ஆனா அவசர ஆபரேஷன் அங்க நடக்காது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடங்கள்ல சீமாங்க் மையம் இருக்கும். அங்க எந்நேரமும் சிசேரியன் பண்ண முடியும், ரத்தம் இருக்கும், பச்சக்குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும். நடுவுல இருக்கற தாலுகா ஆஸ்பத்திரி, சின்ன தனியார் நர்சிங் ஹோம், இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பேரை வெச்சு முடிவு பண்ண முடியாது. கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

நான் கேக்கற கேள்விகள் இதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு சிசேரியன் தேவைப்பட்டா யார் பண்ணுவாங்க? மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, வீட்ல இருந்து வரணுமா, வர எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தம் இங்கயே இருக்கா? குழந்தைக்கு மூச்சுத் திணறினா இங்க பார்ப்பீங்களா, வேற இடத்துக்கு அனுப்புவீங்களா? பிரசவ அறையில கூட ஒரு பெண் இருக்கலாமா?

இப்படிக் கேட்டா மூஞ்சி சுளிப்பாங்களோன்னு தயக்கம் வரும். நான் ஒரு இடத்துல கேட்டப்போ, அங்க இருந்த நர்ஸம்மா, "நல்லாக் கேட்ட கண்ணு, எல்லாரும் ரூம்ல ஏசி இருக்கான்னுதான் கேக்கறாங்க" அப்டின்னாங்க. எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் எல்லையில நிக்குது. அதனால பக்கத்துல இருக்கற சின்ன இடத்தை விட்டுட்டு, தள்ளி இருந்தாலும் எல்லா வசதியும் இருக்கற இடம்னு முடிவு பண்ணிட்டோம். அம்மாவுக்கு இதுல வருத்தம்தான். என்னை அந்தப் பக்கத்து இடத்துலதான் பெத்தாங்க.

ஃபைல்

ஊர் மாறும்போது உங்க கூட வரவேண்டியது உங்க மருத்துவக் கதை. தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பிரிவு, கடைசி ஹீமோகுளோபின், சாப்பிடற மாத்திரை, அலர்ஜி. எல்லாம் ஒரே ஃபைல்ல, தேதி வரிசையில. போன்ல போட்டோவும். கர்ப்பப் பதிவு எண், அதாவது ஆர்.சி.ஹெச். எண், முதல் பக்கத்துல பெருசா எழுதிடுங்க. தமிழ்நாட்டுல பிறப்புச் சான்றிதழுக்கு அது வேணும். வந்த ஊரோட கிராம சுகாதார செவிலியர்கிட்ட நீங்க வந்திருக்கறதைச் சொல்லிடுங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குத் தகுதி இருந்தா, அந்தப் பதிவு வழியாத்தான் வரும். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய்.

வேலைக்குப் போறவங்களுக்கு இன்னொரு கணக்கு. முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. அதுல பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். முன்னாடி எவ்வளவு எடுக்கறோமோ, பின்னாடி அவ்வளவு குறையும். முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும். ஐடி கம்பெனிக்கு மட்டுமான சட்டம் இல்ல இது. வேடசந்தூரைச் சுத்தி இருக்கற நூல் மில்லுல வேலை பார்க்கற பொண்ணுங்களுக்கும் இந்த உரிமை உண்டு. தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

நல்ல நேரம், சிசேரியன்

அதே கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் சிசேரியன். தனியார்ல 63.8, அரசு ஆஸ்பத்திரியில 36. தேவைப்பட்டா அது உயிர் காக்கற ஆபரேஷன், அதுல வெக்கப்பட எதுவும் இல்ல. ஆனா காரணம் கேக்கற உரிமை நமக்கு இருக்கு: "இப்ப ஏன்? காத்திருந்தா என்ன ஆகும்?"

ஜோசியர் குறிச்ச நேரத்துக்கு ஆபரேஷன்ங்கறது வேற. மருத்துவக் காரணம் இல்லாம 39 வாரத்துக்கு முன்னாடி எடுத்தா, குழந்தைக்கு மூச்சுச் சிக்கல் வர வாய்ப்பு கூடும். டாக்டர் குடுக்கற தேதியும் தோராயம்தான். கடைசி மாதவிடாயோட முதல் நாள்ல இருந்து 280 நாள். அந்தத் தேதியிலயே பிறக்கறது இருபதுல ஒரு குழந்தை அளவுக்குத்தான். சொந்தக்காரங்க "இன்னுமா?"ன்னு கேட்டா, இதைச் சொல்லிக்கலாம்.

பிறந்த பிறகு முதல் மணி நேரம்

எங்க பக்கம் சேனை வைக்கறதுன்னு ஒரு வழக்கம். குடும்பத்துல நல்ல குணம் உள்ளவங்க, பிறந்த குழந்தை நாக்குல சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு வைப்பாங்க. எங்க அம்மாச்சி ரெடியா இருக்காங்க. ஆனா ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம். தேன் ஒரு வயசு வரைக்கும் ஆபத்து, அதுல இருக்கக்கூடிய கிருமி பச்சக்குழந்தைக்கு நரம்பைத் தாக்கற விஷத்தை உண்டாக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால், அம்மா நெஞ்சோட தோல் படப் போடறது, குளிப்பாட்டறது 24 மணி நேரம் கழிச்சு. அம்மாச்சிகிட்ட, "முதல்ல தூக்கிக் கொஞ்சறது நீங்கதான், உங்க குணம் அதுலயே வந்துரும்"னு சொல்லியிருக்கேன். யோசிக்கறாங்க.

அம்மாவையும் கவனிக்கணும். ஒரு பேடு ஒரு மணி நேரத்துல நனைஞ்சாலோ, பெரிய கட்டியாப் போனாலோ, தலை சுத்தினாலோ உடனே சொல்லணும். "பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி ஆகாது"ங்கறது வேண்டாம், தாராளமாக் குடிக்கணும். ரத்த அழுத்தச் சிக்கல் பிரசவத்துக்குப் பிறகு சில வாரம் வரைக்கும் வரலாம், அதனால தலைவலியை அசதின்னு தள்ளாதீங்க. ரெண்டு வாரம் தாண்டியும் அழுகையா வந்தா, தூக்கமே வரலேன்னா, அதுவும் டாக்டர்கிட்ட சொல்ற விஷயம்தான்.

ஒரு பக்கக் காகிதம்

இதையெல்லாம் நான் ஒரே பக்கத்துல எழுதி, சமையலறைச் சுவத்துல ஒட்டியிருக்கேன். எப்ப கிளம்பணும், யாரைக் கூப்பிடணும், எந்த ஆஸ்பத்திரி, அது முடியலேன்னா எது, என் ரத்தப் பிரிவு, ரத்தம் குடுக்க ரெடியா இருக்கற ரெண்டு பேர். கம்ப்யூட்டர் எழுத்துல இல்ல, பெரிய கையெழுத்துல, அப்பா கண்ணாடி இல்லாமப் படிக்கற மாதிரி.

நீங்க இந்த வாரம் ஒண்ணு மட்டும் செய்யுங்க. நீங்க போகப்போற ஆஸ்பத்திரிக்கு, அல்லது உங்க அக்காவோ தோழியோ போகப்போற ஆஸ்பத்திரிக்கு, போன் போட்டு அந்த ரெண்டு மணிக் கேள்வியைக் கேளுங்க. பதில் தெளிவா வந்தா நிம்மதி. வரலேன்னா, வேற இடம் பார்க்க இன்னும் நாள் இருக்கு.

அடுத்த எபிசோடு எப்பன்னு என்னால சொல்ல முடியாது. அது இப்ப என் கையில இல்ல, உள்ள இருக்கற ஆள் கையிலதான்.