கடை போர்டில் கிடைத்தது பெயர்! பேனர் எழுதிய ரங்கநாதன் 'மாருதி' ஆன கதை

தேனி,-

தேனி, போடி, கம்பம் பஸ் நிலையப் பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் ஞாபகம் இருக்கிறதா?

அட்டையில் ஒரு பெண் முகம். அகன்ற கண், நெற்றியில் பொட்டு. பஸ் புறப்படும் அவசரத்திலும் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்த முகங்களில் பல, ஓவியர் மாருதி வரைந்தவை.

அவர் ஆரம்பத்தில் சினிமா பேனர் எழுதியவர்!

வேலை போய்விடுமே!

இயற்பெயர் ரங்கநாதன். 1938-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். 1959-ல் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் ஒரு பேனர் கம்பெனியில் வேலை கிடைத்தது.

அதே ஆண்டு 'குமுதம்' இதழில் கதைக்குப் படம் போட வாய்ப்பு வந்தது. ஆனால் சொந்தப் பெயரைப் போட்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். என்ன செய்வது?

வழியில் ஒரு மருந்துக்கடை போர்டு கண்ணில் பட்டது. 'மாருதி' என்று இருந்தது. அதையே படத்தின் கீழே போட்டார். கடைசி வரை அதுவே நிலைத்துவிட்டது!

ஒரு முழம் கண்

பேனர் வேலை லேசுப்பட்டதல்ல. போட்டோ மீது கட்டம் போட வேண்டும். துணியில் அதே கட்டங்களைப் பெரிசாகப் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைய வேண்டும். ஒரு கண்ணே ஒரு முழம் வரும். பக்கத்தில் நின்று வரைபவருக்கு முழு முகம் தெரியாது. மூக்கு கொஞ்சம் விலகினாலும் நடிகர் வேறு ஆள் ஆகிவிடுவார்!

அந்த வேலை பார்த்த கைதான் அரை நூற்றாண்டுக்கும் மேல் பத்திரிகைகளில் முகம் வரைந்தது. 2023 ஜூலை 27-ல் புனேயில் மாருதி காலமானார். வயது 84.

பிளெக்ஸ் வந்தது

அவர் தப்பித்தார். எல்லோராலும் முடியவில்லை. 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்து கை பேனர் தொழிலைப் படுக்க வைத்துவிட்டது. வாரக் கணக்கில் எழுதியதை மிஷின் மணிக் கணக்கில் அடித்துத் தள்ளுகிறது. முகம் வரைந்தவர்கள் பலர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார்கள்.

ஊருக்கெல்லாம் பெயர் எழுதியவர்கள் இவர்கள். இனி கம்பம் ரோட்டில் கையால் எழுதிய பழைய போர்டு கண்ணில் பட்டால், அதன் மூலையைக் கொஞ்சம் பாருங்கள். எழுதியவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அழிவதற்குள் படித்துவிடுங்கள்!