உங்களுக்குத் தெரியுமா? இருட்டறையில் மிதந்த மரம்
கம்ப்யூட்டரைத் தொடாமலே புகைப்படத்தில் மரத்தை வேரோடு அந்தரத்தில் மிதக்கவிட்டவர் ஜெர்ரி உல்ஸ்மன். அமெரிக்காவின் டெட்ராய்டில் 1934-இல் பிறந்தவர். 1960 முதல் பல ஆண்டுகள் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் புகைப்படக்கலை கற்பித்தார்.

படங்களை அச்சிடும் அவருடைய இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் ஒளியாக விழச்செய்யும் என்லார்ஜர்கள் பல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவ். ஒரே அச்சுத்தாளை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி, வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி விழும்படி மற்றதை மறைத்து, படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார். மரம் ஒரு நெகட்டிவிலிருந்து, நீர்ப்பரப்பு இன்னொன்றிலிருந்து. ஒட்டிய தடமே தெரியாது; கைத்திறன் என்றால் இதுதான்!

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1967-இல் இவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. இப்படிப் படங்களைக் கம்ப்யூட்டரிலேயே சேர்க்க உதவும் ஃபோட்டோஷாப் வெளிவந்தது 1990-இல். அதற்குப் பிறகும் உல்ஸ்மன் இருட்டறையை விடவில்லை.