ஏரிக்கரையில் ஐரிஷ் விழா

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கி என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள ஹென்றி மையர் பூங்காவில் 1981-இல் தொடங்கிய ஐரிஷ் விழா ஆகஸ்டு மாதத்தில் நடைபெறுகிறது. ஐரிஷ் மக்களின் பெருநாளாகிய புனித பாட்ரிக் திருநாளோ மார்ச்சு 17. அந்நாளில் அவ்வூரில் குளிர் நீங்குவதில்லை. திறந்தவெளியில் அமர்ந்து இசை கேட்பவர் யார்?

இவர்கள் அங்கு வந்த வரலாறு துயரமானது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அவ்வளவு பேரேனும் கடல் கடந்தனர். மில்வாக்கிக்கு வந்தோருட் பலர் மூன்றாம் வட்டம் என்னும் பகுதியில் குடியேறினர். 1892 அக்டோபர் 28-இல் மூண்ட தீ அங்கே 400-க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. வீடிழந்த ஐரிஷ் குடும்பங்கள் நகரெங்கும் சிதறின.

விழாப் பூங்கா அம்மூன்றாம் வட்டத்தை ஒட்டியே இருக்கிறது. வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, விழாவின் ஆரவாரத்தினும் இச்செய்தியே பெரிதாகப் படுகிறது. அங்கே யாழும், முழங்கையால் துருத்தியை அமுக்கி இசைக்கும் குழலும் ஒலிக்கின்றன. அமெரிக்காவில் பிறந்த சிறுமியர் கைகளைத் தொங்கவிட்டு, உடல் நிமிர்ந்து, கால்களாலேயே தாளமிட்டு முன்னோரின் நடனத்தை ஆடுகின்றனர்.