விசயமங்கலத்து நோன்பு

ஈரோட்டிலிருந்து கோவைக்குப் புகைவண்டியில் செல்வோர், ஊத்துக்குளிக்குச் சற்று முன்னர் விசயமங்கலம் என்னும் சிறு நிலையத்தைக் கடப்பர். பலர் கண்ணெடுத்தும் பாரார். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்தவன்தான். ஒருநாள் இறங்கினேன்.

பழைய கொங்கு நாட்டின் 24 பிரிவுகளுள் ஒன்றான குறுப்பு நாட்டைச் சேர்ந்தது இவ்வூர். இங்கே நாகேசுவரர் கோயில் இருக்கிறது. எட்டாம் தீர்த்தங்கரரான சந்திரப்பிரபர் கோயிலும் இருக்கிறது. பின்னதைக் கல்வெட்டு 'வீரசங்காதப் பெரும்பள்ளி' எனக் குறிக்கும். பள்ளி என்பது சமண முனிவர் உறைவிடம். மாணவ நண்பர்களே, நீங்கள் நாள்தோறும் செல்லும் பள்ளிக்கும் அச்சொல்லே பெயராயிற்று!

உதயணன் கதையைப் பெருங்கதையாகப் பாடிய கொங்குவேளிர் இவ்வூரினர் என்பது வழிவழிச் செய்தி. அந்நூலின் முதலும் முடிவும் கிடைக்கவில்லை. எஞ்சியதை 1924இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார்.

ஆயினும், என்னை அங்கே நெடுநேரம் நிறுத்தியது காப்பியம் அன்று. ஒரு பெண்ணின் நினைவாகப் பொறித்த கல்லெழுத்து. அவள் பெயர் புள்ளியப்பை. கங்க மன்னரின் அமைச்சரும் படைத்தலைவருமான சாமுண்டராயரின் தங்கை. தமையன் சிரவணபெளகொளத்தில் ஏறக்குறைய 57 அடி உயரக் கோமடேசுவரரை 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பினான். தங்கையோ இச்சிற்றூரில் உணவைத் துறந்து உயிர் நீத்தாள். அவளுக்கு எஞ்சியவை சில வரிகளே.

இந்நோன்பைச் சமணர் சல்லேகனை என்பர். ஒரே நாளில் உணவை உதறுவதன்று அது. படிப்படியாகக் குறைத்து, பகையும் பற்றும் நீங்கிய மனத்தோடு முடிவை ஏற்பது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து மறைந்ததைப் பழந்தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அவனைச் செலுத்தியது மானம். இவர்களைச் செலுத்தியது வினை நீக்கம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

இது தற்கொலையாகாதோ என்று என்னுடன் வந்த கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள். 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் ஆகும் என்றது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சமணர் கொள்கைப்படி, வெறுப்பினால் உயிரை விடுவது குற்றம். சல்லேகனையில் வெறுப்புக்கு இடமில்லை. இதைச் சொன்னேன். அவளுக்கு முழு நிறைவு உண்டாகவில்லை. எனக்கும் அந்தக் கல்லின்முன் நின்றபோது ஐயம் எழாமலில்லை: அமைச்சர் தங்கைக்கு, உற்றார் ஒருவரேனும் 'உண்பாய்' என்று சொல்லவில்லையா?

கல்லில் அதற்கு விடை இல்லை. அவள் மீண்டும் ஒருமுறை எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். மாலை வண்டிக்கு நேரமாயிற்று.