தூண்டில் ரீலில் ஒரு பறவைக்கூடு

வீட்டில் தையல் நூல் உருளை இருக்கிறதா? அதன் துளையில் ஒரு பென்சிலைச் செருகிக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலின் நுனியில் ஓர் அழிப்பானைக் கட்டி, மேசை உயரத்திலிருந்து விழவிடுங்கள். அழிப்பான் விழ விழ உருளை வேகமாகச் சுழலும். தரையைத் தொட்டதும் அழிப்பான் நின்றுவிடும், உருளை நிற்காது. தன் போக்கில் சுற்றி நூலை அவிழ்த்துக் கொட்டும்.

அமெரிக்காவில் ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்களுடைய ‘பெயிட்காஸ்டிங்’ ரீல் தூண்டில் கோலின் மேல் குறுக்காக அமர்ந்திருக்கும். கோலை வீசியதும் இரை பறந்து செல்லும். அது நரம்பை இழுக்க, உருளை சுழலும். காற்றின் தடையால் இரையின் வேகம் குறைகிறது. ஆனால் உருளைக்கு அந்தச் செய்தி எட்டுவதில்லை! நிலைமத்தால் அது பழைய வேகத்திலேயே நரம்பை வெளியே தள்ளுகிறது. கணப்பொழுதில் பெரும் சிக்கல். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பறவைக்கூடு’. அவிழ்க்க முடியாமல் அறுத்துக் கரையில் எறியும் நைலான் நரம்பு உண்மையான பறவைகளின் கால்களில் சுற்றிக்கொள்வதும் உண்டு.

உருளையின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? விட்டம் 34 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 107 மி.மீ. இரை வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொண்டால், உருளை வினாடிக்குச் சுமார் 280 முறை சுழல வேண்டும். நிமிடத்துக்கு 16,800 சுற்றுகள்! மின்விசிறிகூட நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள்தான் சுற்றுகிறது.

இந்த வேகத்தை அடக்க நெடுங்காலம் கட்டைவிரல் ஒன்றே கருவி. பின்னர் தடைகள் வந்தன. அவற்றில் இருவகை முக்கியமானவை.

முதல் வகையில், உருளையோடு சுழலும் சிறு கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராய்கின்றன. இந்த விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். மற்ற வகையில் காந்தங்கள் உள்ளன. அலுமினிய உருளை காந்தப்புலத்தில் சுழலும்போது அதில் சுழி மின்னோட்டங்கள் தோன்றி, லென்ஸ் விதிப்படி, சுழற்சியை எதிர்க்கின்றன. பழைய மின்சார மீட்டரில் சுழலும் தட்டைக் கட்டுப்படுத்தியதும் இதே தத்துவம்தான். இங்கே தடை வேகத்துக்கு நேர்விகிதம்.

வேகம் பாதியானால் என்ன ஆகும்? முதல் வகைத் தடை நான்கில் ஒரு பங்காகிவிடும். காந்தத் தடையோ பாதியாகத்தான் குறையும். காந்த ரீல் வீச்சின் கடைசியில் இரையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது என்று மீன் பிடிப்பவர்கள் சிலர் குறைப்படுவதன் காரணம் புரிகிறதா? விளம்பரங்களைவிட அவர்கள் பேச்சே இயற்பியலுக்கு நெருக்கமாக இருக்கிறது.

1970களில் பரவத் தொடங்கிய தாழ்வான உடலமைப்புள்ள ரீல்களைப் பற்றியும் அப்படித்தான். ‘கையில் அடங்குகிறது, கோல் புரளுவதில்லை’ என்கிறார்கள். கோலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கனம் ஒருபக்கம் சாயப் பார்க்கும். ரீல் தாழ்ந்தால் அதன் ஈர்ப்பு மையம் கோலை நெருங்குகிறது. மணிக்கட்டின் வேலை குறைகிறது. கட்டைவிரலும் உருளையை எளிதில் எட்டுகிறது.

உருளையையும் இளைக்க வைத்துவிட்டார்கள். நிலைமத் திருப்புத்திறன் நிறையையும் ஆரத்தின் இருமடியையும் பொறுத்தது. ஆகவே 10 கிராமுக்கும் குறைந்த சிற்றுருளைகள் இப்போது கிடைக்கின்றன. இலேசான இரையும் அவற்றை உடனே சுழற்றிவிடும். இரை தளர்ந்தால் அடக்குவதும் எளிது.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் ஒருபடி மேலே போய், ரீலுக்குள் ஒரு நுண்கணிப்பொறியை வைத்தது. வினாடிக்கு ஆயிரம் முறை வேகத்தைக் கண்காணித்துத் தடையை மாற்றுகிறது அது. பாட்டரி கிடையாது; உருளையின் சுழற்சியே அதற்கு மின்சாரம் தருகிறது.

எந்த ரீலானாலும், இரை நீரைத் தொடும் கணத்தில் கைதேர்ந்தவர் கட்டைவிரலை உருளைமேல் அழுத்திவிடுவார். அப்போது இரை திடீரென்று நின்றுவிடுகிறது. உருளையின் வேகமோ பெரிதும் குறைந்திருக்கும். வேகம் குறைய வலுவிழக்கும் தடைகளால் அதை அந்த நொடியிலேயே நிறுத்த முடியாது.