வாய்ப்புண்ணை ஆற்றும் செவ்வொளி

புற்றுநோய்க்கு மருந்தேற்றப்பெறும் சிறுவர் பலருக்கு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகிவிடுகிறது. ஆசையோடு கேட்ட இட்லியைக்கூட அவர்களால் விழுங்க முடிவதில்லை; உமிழ்நீர் இறங்குவதும் வேதனையாகிறது. பெற்ற மனம் செய்வதறியாது கலங்குகிறது.

இப்புண் ஏன் தோன்றுகிறது? விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளின் வேலை. வாயின் உட்தோலும் ஓரிரு வாரங்களுக்கொருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், அதுவும் மருந்துக்கு இலக்காகிறது. உலகச் சுகாதார நிறுவனம் இப்புண்ணின் கடுமையை நான்கு படிகளாக வகுத்துள்ளது. மூன்றாம் படியில் நீராகாரம் மட்டுமே இறங்கும். நான்காம் படியில் வாய்வழி உண்பதே இயலாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் புண்வழியே கிருமிகள் இரத்தத்தில் புகக்கூடும். அடுத்த தவணைச் சிகிச்சையும் தள்ளிப்போகலாம். ஆகவே இதனைச் சிறு தொல்லையென எண்ணுதல் தகாது.

இத்துன்பத்தைத் தணிக்க ஒளியே மருந்தாகியிருக்கிறது. 1967-ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழித்த சுண்டெலிகளின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினார். அவ்வொளி புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிவதே அவர் நோக்கம். புற்றுநோய் தோன்றவில்லை; மாறாக, ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைந்து வளர்ந்தது! அதிலிருந்தே இச்சிகிச்சை கிளைத்தது.

சுடாத, மென்மையான செவ்வொளியை வாயின் உட்புறத்தில் ஒவ்வோர் இடமாகச் சில விநாடிகள் பாய்ச்சுகின்றனர். வாய் திறக்க மறுக்கும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கன்னத்தின் வெளிப்புறத்திலிருந்தும் பாய்ச்சுவதுண்டு. கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிக்கின்றனர். உயிரணுக்களுக்குள் ஆற்றலைத் தரும் நுண்ணுறுப்புகள் இவ்வொளியை ஏற்று ஊக்கம் பெறுவதால் வீக்கமும் வலியும் தணிந்து புண் ஆறுகிறது என்பது அறிஞர் கருத்து. புண் தோன்றுமுன்பே தொடங்கினால் அதன் கடுமையைக் குறைக்கவும் கூடும்.

பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை நிறுவனம் 2018-இல் இம்முறையை ஏற்றது. குழந்தைகளுக்கென 2021-இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கும், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெறுவோருக்கும் இதனைப் பரிந்துரைக்கிறது.

எனினும், இது புற்றுநோயைத் தீர்க்கும் மருந்தன்று. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதுமில்லை. கட்டி உள்ள இடத்தில் இவ்வொளியைப் பாய்ச்சாது தவிர்ப்பர். வீட்டிலுள்ள சிவப்பு விளக்கைக் கொண்டு எவரும் முயலலாகாது. இவ்வசதி உண்டா, தம் குழந்தைக்குப் பொருந்துமா என்று மருந்தேற்றத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

ஒளிச்சிகிச்சை கிடைப்பினும் கிடைக்காவிடினும் அன்னையர் செய்யவேண்டியவை சில உண்டு. மென்மையான தூரிகையால் பல் துலக்கிவிடுங்கள். மருத்துவர் சொன்னபடி இளம் உப்புநீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். காரம், புளிப்பு, சூடு ஆகியவற்றை விலக்கி, ஆறிய கஞ்சியும் குழைந்த சோறும் ஊட்டுங்கள். காய்ச்சல் கண்டாலோ, குழந்தை நீரும் அருந்த மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.